பாயிண்ட் டூ டூ ரைபிளுக்கு எந்த ஸ்கோப்?

நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கு வரும் வெள்ளெழுத்து, செய்தித்தாள் படிப்பவரைவிடத் துப்பாக்கி சுடுபவரையே அதிகம் தொல்லைப்படுத்துகிறது. படிப்பவருக்கு ஒரு கண்ணாடி போதும். இரும்புக் குறிகள் மட்டுமே உள்ள ரைபிளிலோ, கண்ணுக்கு அரை மீட்டருக்குள் இருக்கும் பின்குறியின் பிளவையும், குழல் முனையில் நிற்கும் முன்குறியையும், ஐம்பது மீட்டருக்கு அப்பால் இருக்கும் காகித இலக்கையும் ஒரே கணத்தில் ஒரே கோட்டில் நிறுத்தியாக வேண்டும். இளம் கண் இந்த மூன்றுக்கும் இடையே ஓடி ஓடிச் சமாளித்துவிடும். அறுபதைக் கடந்த கண்ணால் அது முடிவதில்லை. ராணுவத்தில் சுபேதாராக ஓய்வு பெற்று, தக்கலைக்கு அருகே வேளிமலையின் அடிவாரத்தில் ரப்பரும் தென்னையுமாகக் குடியிருக்கும் என் சித்தப்பா, சென்ற ஆண்டு ஒருநாள் சுடுதளத்தில் ரைபிளைத் தாழ்த்திவிட்டு, “மூணுல ஒண்ணுதான் தெரியுது, மக்களே, மத்த ரெண்டும் பனியில நிக்குது” என்றார். ரைபிளின் மேல் பொருத்தும் தொலைநோக்கிக் குறியான ஸ்கோப்பைத் தேடும் வேலை அன்றைக்குத்தான் தொடங்கியது.

ஸ்கோப் இந்தச் சிக்கலைத் தீர்க்கும் விதம் எளிமையானது. இலக்கின் பிம்பமும் ஸ்கோப்புக்குள் குறியாகத் தெரியும் குறுக்குக் கோடும் ஒரே தளத்தில் விழுவதால், கண் ஒரே ஒரு தொலைவுக்குத் தன்னைச் சரிசெய்துகொண்டால் போதும். பொருளைப் பெரிதாக்கிக் காட்டுவது இரண்டாவது பயன்தான். இந்த வரிசையை மறந்துவிட்டு, “எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும்” என்ற கேள்வியோடு கடைக்குப் போவதால்தான் பலர் தேவைக்கு மிஞ்சிய கனத்தை வாங்கித் துப்பாக்கியின் தலையில் ஏற்றுகிறார்கள். நாங்களும் முதலில் அதையேதான் செய்தோம்.

பாயிண்ட் டூ டூ, அதாவது .22 அங்குலக் குண்டு, என்றதும் கல்லூரி நாட்களில் என்.சி.சி.யில் இருந்தவர்களுக்குத் தோளில் ஒரு பழைய நினைவு வரும். 25 கஜத் தொலைவில் குப்புறப் படுத்து, எண்ணிக் கொடுத்த தோட்டாக்களைச் சுட்ட அதே .22 குண்டுதான் இங்கும் பேசப்படுகிறது. இதற்கு ரிம்ஃபயர் என்ற பெயர் வரக் காரணம், தோட்டாவைப் பற்றவைக்கும் மருந்து அதன் அடிப்பகுதியின் நடுவில் இல்லாமல் விளிம்பு மடிப்புக்குள் இருப்பதே. 1887ஆம் ஆண்டு முதல் புழக்கத்தில் இருக்கும் .22 லாங் ரைபிள் தோட்டாவில் குண்டின் எடை பெரும்பாலும் 40 கிரெயின், அதாவது சுமார் 2.6 கிராம். உதைப்பு இல்லையென்றே சொல்லலாம். பெரிய ரைபிள்களின் ஸ்கோப்புக்கு அடிதாங்கும் கட்டுமானமும், புருவத்தைக் காக்கக் கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் நடுவே நீண்ட இடைவெளியும் வேண்டும். இதற்கு அந்த இரண்டும் பெரிய நிபந்தனைகள் அல்ல. கனம் குறைந்த ஸ்கோப்பைத் தேடும் துணிச்சல் இதனால்தான் வருகிறது.

ஒப்பீட்டுக்குள் நுழைவதற்கு முன் எல்லையைச் சொல்லிவிடுவது நல்லது. இந்த ரைபிள் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் பெற்றது. சுடுதளத்தில் காகித இலக்கைச் சுடுவதற்காக மட்டுமே பயன்படுவது. நம் குமரி மாவட்டத்தின் மலைக்காடுகளில் பெரும்பகுதி 2008 முதல் வனவிலங்குச் சரணாலயம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆகவே இருட்டில் தெரிய வேண்டும், இருநூறு மீட்டருக்கு எட்ட வேண்டும் என்பவை போன்ற விளம்பர வாசகங்கள் எங்கள் தேவைக்குச் சம்பந்தமற்றவை. எங்களுக்கு வேண்டியவை 25 மீட்டரும் 50 மீட்டரும், காலை எட்டு மணி வெளிச்சமும், ஒவ்வொரு முறையும் கையால் தாழ்ப்பாளை இழுத்துத் தோட்டா ஏற்றும், 2.8 கிலோ எடையுள்ள போல்ட் ரைபிளின் மேல் உறுத்தாமல் உட்காரும் ஒரு கருவியும் மட்டுமே. சர்வதேசத் துப்பாக்கி சுடும் விளையாட்டுக் கூட்டமைப்பான ஐ.எஸ்.எஸ்.எஃப். விதிப்படி நடக்கும் ரைபிள் போட்டிகளில் தொலைநோக்கிக் குறிகளுக்கு அனுமதி இல்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். போட்டிக்குப் போகும் எண்ணம் உள்ள இளைஞர்கள் இந்தப் பணத்தை வேறு வழியில் செலவிடலாம்.

முதலில் வாங்கியது 6 முதல் 24 மடங்கு வரை பெருக்கும், 50 மி.மீ. முகப்பு வில்லை கொண்ட ஒன்று. இணையத்தில் பார்த்து, படத்தில் கம்பீரமாக இருந்ததால் வாங்கினோம் என்பதைத் தவிர வேறு நியாயம் எதுவும் எங்களிடம் இல்லை. ஸ்கோப் மட்டும் ஏறக்குறைய 650 கிராம். அதை ரைபிளோடு பிணைக்கும் எஃகு வளையங்களோடு சேர்ந்து 800 கிராம் ஆயிற்று. ரைபிளின் எடையில் கால் பங்குக்கும் மேலானதை அதன் முதுகில் கட்டியிருக்கிறோம் என்பது, சித்தப்பா நின்ற நிலையில் தூக்கிப் பார்த்தபோதுதான் விளங்கியது. “இது துப்பாக்கியா, கடப்பாரையா?” என்று அவர் கேட்டார்.

எடையின் அளவைவிட அந்த எடை நிற்கும் இடம்தான் பெரிய தொல்லை தந்தது. 50 மி.மீ. வில்லை குழலைத் தொடாமலிருக்க உயரமான வளையங்கள் தேவைப்பட்டன; வளையம் உயர்ந்ததும் கண்ணும் உயர வேண்டியதாயிற்று; கண் உயர்ந்ததும் கன்னம் ரைபிளின் பின்கட்டையை விட்டு எழும்பியது. கன்னம் கட்டையில் பதியாமல், தாடை நுனியை மட்டும் வைத்துச் சுடும் ஒருவர் ஒவ்வொரு முறையும் தலையை வெவ்வேறு இடத்தில் வைக்கிறார். கூடவே, பாரம் மேலே ஏறியதால் ரைபிள் கையில் இடமும் வலமும் சரியப் பார்க்கும். அந்தச் சரிவை அடக்குவதற்கே முன்கைத் தசை களைத்துப்போகும். படுத்தபடி மணல்மூட்டை மேல் வைத்துச் சுட்டால் இது எதுவும் தெரியாது. அந்த ஸ்கோப்பை மதிப்பிட்டு எழுதியவர்கள் எல்லாரும் மூட்டை வைத்தே சுட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

எங்களுக்கு இரண்டாவதாகப் புரிந்ததுதான் இந்தக் கட்டுரையின் முதன்மையான செய்தி. பள்ளி இயற்பியலில் இடமாறு தோற்றப் பிழை என்று படித்தது நினைவிருக்கும்: அளவுகோலை நேராகப் பார்க்காமல் சாய்ந்து பார்த்தால் அளவு மாறித் தெரியும். ஸ்கோப்பிலும் அதே பிழை உண்டு. இலக்கின் பிம்பம் குறுக்குக் கோட்டின் தளத்திலேயே சரியாக விழுவது ஒரு குறிப்பிட்ட தொலைவுக்கு மட்டும்தான். மற்றத் தொலைவுகளில் பிம்பம் சற்று முன்னேயோ பின்னேயோ விழும். அப்போது கண் நடுவிலிருந்து விலகினால், துப்பாக்கி அசையாதிருக்கும்போதே குறுக்குக் கோடு இலக்கின் மேல் நகர்வது போலத் தெரியும். பெரிய ரைபிள்களுக்கான ஸ்கோப்புகளில் இந்தத் தொலைவைத் தொழிற்சாலையிலேயே 100 கஜத்துக்கோ அதற்கு மேலோ வைத்துவிடுகிறார்கள். ரிம்ஃபயருக்கென்று செய்யப்படுபவற்றில் அது 50 அல்லது 60 கஜமாக இருக்கும். வோர்டெக்ஸ் நிறுவனத்தின் கிராஸ்ஃபயர் வரிசையில் ரிம்ஃபயருக்கு வரும் 2–7×32 (2 முதல் 7 மடங்கு பெருக்கம், 32 மி.மீ. முகப்பு வில்லை) ஸ்கோப்புக்கு இது 50 கஜம். லூபோல்டின் ரிம்ஃபயர் ஸ்கோப்புகளில் 60 கஜம். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிடப்படாத இந்த ஓர் எண்ணைத்தான், வாங்குபவர் முதலில் கேட்க வேண்டும்.

இதை ஊகமாக விடாமல் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். கண் நடுவிலிருந்து விலகும் தொலைவை உருப்பெருக்கத்தால் பெருக்கி, இலக்கின் தொலைவுக்கும் ஸ்கோப் அமைக்கப்பட்ட தொலைவுக்கும் உள்ள வித்தியாசத்தால் பெருக்கி, அமைக்கப்பட்ட தொலைவால் வகுத்தால், குண்டு எவ்வளவு தள்ளி விழும் என்பது கிடைக்கும். 100 கஜத்துக்கு, அதாவது சுமார் 91 மீட்டருக்கு, அமைத்த 3–9×40 ஸ்கோப்பை 9 மடங்கில் வைத்து 25 மீட்டரில் சுடும்போது, கண் ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகினால் பிழை ஏறக்குறைய 6.5 மி.மீ. ஆகிறது. 50 கஜத்துக்கு அமைத்த 4 மடங்கு ஸ்கோப்பில், அதே 25 மீட்டரில், அதே ஒரு மில்லிமீட்டர் விலகலுக்குப் பிழை 1.8 மி.மீ. மட்டுமே. 50 மீட்டர் ரைபிள் இலக்கில் பத்து மதிப்பெண் வட்டத்தின் விட்டம் 10.4 மி.மீ. என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், 6.5 மி.மீ. எவ்வளவு பெரிய இழப்பு என்பது தெரியும். பெரிதாகக் காட்டும் ஸ்கோப் பிழையையும் சேர்த்துப் பெரிதாக்குகிறது என்ற இந்த உண்மையை, விற்பவர் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

முகப்பு வில்லையின் திருகுவளையத்தைக் கழற்றி வில்லையை நகர்த்தினால் இந்தத் தொலைவை வீட்டிலேயே மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்பவர்கள் உண்டு. வறண்ட ஊர்களில் அது சரிப்படலாம். குழாயின் உள்ளே நிரப்பியிருக்கும் நைட்ரஜன் வெளியேறி நம்மூர் ஈரக்காற்று உள்ளே புகுந்தால் அடுத்த மழைக்காலத்தில் என்ன நடக்கும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இனி, எடை குறைந்த வழிகளை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். எல்லாவற்றிலும் கனம் குறைந்தது ஸ்கோப்பே அல்ல; பின்குறியாக ஒரு சிறு துளைத்தகட்டைப் பொருத்துவதுதான் அது. நூறு கிராமுக்குக் குறைவாகவே முடிந்துவிடும். சிறு துளை வழியாகப் பார்க்கும்போது ஒளிக்கற்றை குறுகுவதால், பக்கத்தில் உள்ளதும் தொலைவில் உள்ளதும் ஓரளவு ஒன்றாகத் தெளியும். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, விரல்களைக் குவித்து அந்தச் சிறு இடுக்கின் வழியே பேருந்தின் பலகையைப் படிப்பவர்கள் இதை நன்றாக அறிவார்கள். போட்டி விதிகளும் இதை ஏற்கின்றன. கண்புரை தொடங்கியிராத, ஐம்பது வயதுக்குள் இருப்பவர் என்னிடம் கேட்டால் ஸ்கோப்புக்கு முன் இதைத்தான் சொல்வேன். சித்தப்பாவுக்கு அது ஒத்துவரவில்லை. துளை வெளிச்சத்தைக் குறைக்கிறது. அவர் விரும்பிச் சுடும் இடமோ மரநிழல் விழும் ஓரப்பாதை.

அடுத்தது, சிறு கண்ணாடியில் ஒளிரும் புள்ளியை இலக்கின் மேல் வைத்துச் சுடும் சிவப்புப் புள்ளிக் குறி. பொருத்தும் அடிக்கட்டையோடு சேர்த்தும் நூறு நூற்றைம்பது கிராமுக்குள் அடங்கும் சிறியவை கிடைக்கின்றன. கண்ணை எங்கே வைத்தாலும் புள்ளி தெரியும். வேகமாகச் சுடுபவர்களுக்கு அது நல்ல துணை. ஆனால் பரவலாக விற்கும் புள்ளியின் அளவு 3 கோண நிமிடம் (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு ஒரு கோண நிமிடம்). அது 50 மீட்டரில் ஏறக்குறைய 44 மி.மீ. பரப்பை மறைக்கும், பத்து மதிப்பெண் வட்டத்தைப் போல நான்கு மடங்கு அகலத்தை மூடிக்கொண்டு, அதன் நடுவைக் குறிபார் என்று சொல்வதற்கு ஒப்பானது அது. இலக்கைப் பெரிதாக்கிக் காட்டுவதும் இல்லை. எங்களைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானித்தது வேறொரு காரணம்: சித்தப்பாவுக்குப் பார்வைச் சிதறல் (அஸ்டிக்மாடிசம்) குறைபாடு சிறிதளவு இருக்கிறது. அத்தகைய கண்ணுக்குப் புள்ளி புள்ளியாகத் தெரியாமல் வால்நட்சத்திரம் போலவோ, பிளந்த திராட்சை போலவோ தெரியும். வாங்குவதற்கு முன் யாரிடமாவது இரவல் வாங்கி ஒரு முறை பார்த்துவிட்டால் இந்தச் செலவு மிச்சப்படும்.

முக்கால் அங்குலக் குழாய் கொண்ட 4×15, 4×20 வகைச் சிறு ஸ்கோப்புகளைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. அவை விலையிலும் கனத்திலும் குறைவானவை. ஆனால் 15 மி.மீ. வில்லையை 4ஆல் வகுத்தால், கண்ணுக்கு வந்து சேரும் ஒளித்தூணின் விட்டம் 3.75 மி.மீ. மட்டுமே, நிழலில் படம் மங்கும். குறியைச் சரிசெய்யும் திருகுகளைத் திருப்பினால் குறுக்குக் கோடு ஒரு முறை நகரும், மறுமுறை நகராது. விளையாட்டுப் பொருளாக வாங்கலாம்.

அதற்கு மேலே ஓர் அங்குலக் குழாய் கொண்ட, மாறாத 4 மடங்குப் பெருக்கம் உள்ள 4×32 வருகிறது. எடை 250 முதல் 300 கிராம் வரை. அலுமினிய வளையங்களோடு சேர்த்தும் 350 கிராமை ஒட்டியே நிற்கும். எங்கள் ரைபிளுக்கு அது எட்டில் ஒரு பங்கு. 32ஐ 4ஆல் வகுத்தால் 8 மி.மீ. அளவுக்கு ஒளித்தூண் கிடைக்கிறது. அறுபதைக் கடந்தவரின் கண்பாவை எவ்வளவு விரிந்தாலும் பெரும்பாலும் 5 மி.மீட்டரைத் தாண்டுவதில்லை என்பதால், மீதமுள்ள அகலம் கண்ணை வைப்பதில் சலுகையாக மாறுகிறது. தலை சற்று முன்பின்னாக இருந்தாலும் படம் கருகாது. வில்லை சிறியது என்பதால் தாழ்ந்த வளையமே போதும். கன்னம் கட்டையில் பதியும். பெருக்கத்தை மாற்றும் உறுப்பு இல்லாததால் உள்ளே அசையும் பாகங்கள் குறைவு. அதே விலையில் கிடைக்கும் மாறும் ஸ்கோப்பைவிட இதில் கண்ணாடியின் தரம் ஒரு படி மேலாக இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இதில் குறையென்றால், 50 மீட்டரில் குண்டு துளைத்த இடம் கண்ணுக்குத் தெரியாது. சுட்ட பிறகு இலக்குவரை நடக்க வேண்டும். அல்லது பக்கத்தில் ஒரு தொலைநோக்கியை வைத்துக்கொள்ள வேண்டும்.

2–7×32 வகையை நான் மிகுந்த தயக்கத்தோடுதான் இரண்டாம் இடத்தில் வைக்கிறேன். எடை 350 முதல் 400 கிராம் வரை. 2 மடங்கில் வைத்தால் நின்றபடி சுடுவதற்கு அகன்ற பார்வை. 7 மடங்கில் வைத்தால் 50 மீட்டரில் துளை தெரியும். ஒரே ரைபிளை வீட்டில் இருவர் மூவர் மாறி மாறிப் பயன்படுத்தினால், இதற்கு இணை வேறில்லை. ஆனால் 7 மடங்கில் ஒளித்தூண் 4.6 மி.மீ. ஆகச் சுருங்குவதால், கண்ணை வைக்கும் இடத்தில் கண்டிப்பு கூடுகிறது. கூடவே, கையில் 7 இருந்தால் யாரும் 4இல் நிறுத்துவதில்லை. பெருக்கம் கூடக் கூடக் கையின் நடுக்கமும் பெரிதாகத் தெரியும். நடுக்கத்தைக் கண்டவர் குறுக்குக் கோடு நடுவைத் தொடும் கணத்துக்காகக் காத்திருந்து விசையை வெடுக்கென்று இழுப்பார். அப்படிச் சுட்ட குண்டு எங்கே போகும் என்பதைச் சுடுதளத்துக்குப் போனவர் அனைவரும் அறிவார்கள்.

முகப்பில் திருகுவளையம் வைத்து, இடமாறு தோற்றப் பிழையை அவரவரே சரிசெய்துகொள்ளும்படி வரும் 3–9×40 ஸ்கோப்புகள் கொள்கையளவில் மிகச் சரியானவை. பத்து மீட்டரில் காற்றுத் துப்பாக்கியையும் ஐம்பது மீட்டரில் .22ஐயும் மாறி மாறிச் சுடுபவருக்கு இதுவே பொருந்தும். எடை 450 முதல் 500 கிராம். வளையம் சேர்ந்தால் 600ஐ எட்டும். தொலைவு மாறும்போதெல்லாம் முன்கையை நீட்டித் திருகவும் வேண்டும். திருக மறந்தால் இதுவும் சாதாரண ஸ்கோப்தான். காற்றுத் துப்பாக்கி என்றதும் ஓர் எச்சரிக்கை: சுருள்வில் வகைக் காற்றுத் துப்பாக்கி பின்னுக்கும் முன்னுக்கும் இரு திசையிலும் உதைப்பதால், ரிம்ஃபயருக்கென்று செய்த மெல்லிய ஸ்கோப்பை அதில் மாட்டினால் குறுக்குக் கோடே அறுந்துபோகக் கூடும். .22க்கு உதைப்பு குறைவு என்ற நியாயம் அதற்குப் பொருந்தாது.

இவையெல்லாம் எந்த ஊருக்கும் பொதுவானவை. குமரி மாவட்டத்துக்கென்று தனியாக மூன்று காரியங்களைக் கணக்கில் எடுக்க வேண்டியிருக்கிறது. அவற்றில் பூஞ்சைதான் முதன்மையானது. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்து பெய்யும் ஊர் இது. ஆண்டில் பாதி நாட்கள் பீரோவுக்குள் வைத்த தோல் பெல்ட்டே பச்சை பூக்கும். ஸ்கோப்பின் வில்லையிலும் அதே பூஞ்சை சிலந்தி வலை போலப் படரும். வெளிப்பக்கம் படர்ந்தால் துடைக்கலாம். உள்ளே படர்ந்தால் வில்லையின் மேற்பூச்சையே அரித்துவிடும். அதன் பிறகு அந்த ஸ்கோப்பைத் தூக்கிப்போட வேண்டியதுதான். நைட்ரஜன் நிரப்பி அடைத்தது என்று தெளிவாகச் சொல்லப்படாத எந்த ஸ்கோப்பையும், அது எத்தனை கிராம் குறைவாக இருந்தாலும், இந்த மாவட்டத்துக்காக நான் வாங்க மாட்டேன். எங்கள் முதல் ஸ்கோப் ஒரே மழைக்காலத்தில் உள்ளே வியர்த்தது. விற்ற கடை, அது துப்பாக்கியின் குறை என்று கைவிரித்துவிட்டது.

வாங்கிய பிறகு பாதுகாப்பது நம் கையில் இருக்கிறது. உறைக்குள் போட்டு அலமாரியில் வைப்பது பூஞ்சைக்குப் பாய் விரிப்பதற்குச் சமம். துணியும் தோலும் ஈரத்தைப் பிடித்துவைக்கும். இறுக்கமாக மூடும் ஒரு டப்பாவுக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்து, மாதம் ஒருமுறை அந்தப் பொட்டலங்களை மாற்றுவதோ காயவைப்பதோ போதும். முட்டம், குளச்சல் போன்ற கடற்கரை ஊர்களில் இருப்பவர்கள் உப்புக்காற்றையும் நினைக்க வேண்டும். எஃகு வளையங்களின் திருகுகள் அங்கே முதலில் துருப்பிடிக்கும். அலுமினிய வளையமும் துருப்பிடிக்காத திருகும் எடையைக் குறைப்பதோடு இந்தத் தொல்லையையும் குறைக்கின்றன.

இரண்டாவது காரியம் காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாயின் வழியே வரும் காற்று, முப்பந்தலில் நிற்கும் காற்றாலைகளைச் சுழற்றும் அதே வலிமையோடு குண்டையும் தள்ளுகிறது. மணிக்குப் பதினாறு கிலோமீட்டர் வேகத்தில் குறுக்கே வீசும் காற்று, 50 மீட்டரில் .22 குண்டை மூன்று சென்டிமீட்டர் வரை விலக்கக் கூடும். ஆடி மாதத்தில் தோவாளைப் பக்கம் அது மென்காற்று என்றே கருதப்படும். ஸ்கோப்பின் திருகு ஒரு சொடுக்குக்குக் கால் கோண நிமிடம் நகரும் என்றால், அது 50 மீட்டரில் 3.6 மி.மீ. மட்டுமே. ஒரு சொடுக்குக்குக் கோண நிமிடத்தில் எட்டில் ஒரு பங்கே நகரும் நுட்பமான திருகுக்காகக் கூடுதல் பணமும் கூடுதல் கனமும் கொடுப்பதில் பொருளில்லை என்பதற்கு இந்த ஒப்பீடே போதும். 100 மீட்டருக்கும் அதற்கு அப்பாலும் குண்டு இறங்குவதைக் கணக்கிட்டுக் கோடு கோடாக வரைந்த குறுக்குக் கோடுகளும் அப்படித்தான். 50 கஜத்துக்குச் சரிசெய்த ரைபிள் 25இல் சில மில்லிமீட்டர்தான் வேறுபடும். அதற்கு எளிய சிலுவைக் கோடே போதுமானது.

மூன்றாவது நிழல். ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே காலையில் கிடைப்பது பச்சை கலந்த மங்கல் வெளிச்சம். மெல்லிய கறுப்புக் கோடு அதில் கரைந்துபோகும். வெளிப்பகுதி தடித்தும் நடுப்பகுதி மெலிந்தும் வரும் குறுக்குக் கோட்டை எடுத்தால், மின்கலமும் சிவப்பு விளக்கும் இல்லாமலேயே சமாளிக்கலாம். விளக்கு வைத்த ஸ்கோப் கூடுதலாக முப்பது நாற்பது கிராம் சுமக்கும். அந்தச் சிறு மூடி வழியாகவும் ஈரம் புகும்.

பொருத்துவதைப் பற்றியும் சில வார்த்தைகள். .22 ரைபிள்கள் பலவற்றில் மேற்பகுதியில் வளையத்தின் அடி பற்றிக்கொள்ள, 11 மி.மீ. அகலமுள்ள டவ்டெயில் என்ற சாய்வான பள்ளம் இருக்கும். பெரிய ரைபிள்களின் பல் பல்லாக வெட்டிய அகலமான பட்டைக்கென்று செய்த பிக்காட்டினி வளையம் அதில் உட்காராது. ஸ்கோப்பை வாங்கும் முன் இதை அளந்துகொள்ளவில்லையென்றால் வளையத்துக்கு இரண்டு முறை பணம் கட்ட நேரிடும். கழற்றி மாட்டுவதும் நம்மூர் நடைமுறையில் அடிக்கடி வருவது. தேர்தல் அறிவிப்பு வந்தால் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வது வழக்கம். அங்கே அது இரண்டு மாதம் மூலையில் சாய்ந்து நிற்கும்போது ஸ்கோப்பும் அதன் மேலேயே இருப்பது நல்லதல்ல. வளையத்தோடு சேர்த்தே கழற்றி, பள்ளத்தில் அது இருந்த இடத்தைப் பென்சிலால் குறித்துவைத்தால், திரும்ப மாட்டும்போது சில தோட்டாக்களிலேயே பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிடலாம். கனம் குறைந்த ஸ்கோப்புக்கு இங்கேயும் ஒரு நன்மை உண்டு. திருகை வெறிகொண்டு இறுக்க வேண்டியதில்லை, ஆகவே பள்ளத்தின் விளிம்பு நசுங்குவதும் இல்லை.

கண்ணருகு வில்லையைத் திருகிக் குறுக்குக் கோட்டைத் தெளிவாக்கிக்கொள்ளும் வசதி பெரும்பாலான ஸ்கோப்புகளில் இருக்கும்; முதியவர்கள் அதைத் தொடாமலே விட்டுவிடுகிறார்கள். வெறும் வானத்தைப் பார்த்து, ஓரிரு நொடி மட்டும் நோக்கி, கண்ணை எடுத்து, திருகி, மீண்டும் நோக்கிச் சரிசெய்ய வேண்டும். தொடர்ந்து உற்றுப் பார்த்தால் கண் தானே சமாளித்துக்கொண்டு நம்மை ஏமாற்றிவிடும். சித்தப்பாவுக்கு இதை அவர் சுடும்போது அணியும் கண்ணாடியோடு சேர்த்தே செய்தோம்.

இத்தனையையும் எடைபோட்ட பின் எங்கள் இருவருக்கும் ஒரே முடிவு வரவில்லை. எனக்கென்று வாங்குவதாயிருந்தால் 50 கஜத்துக்கு அமைத்த 2–7×32ஐயே எடுப்பேன்; என் கண்ணுக்கு இன்னும் 7 மடங்கு ஒத்துவருகிறது, இலக்குவரை நடக்கவும் எனக்குச் சோம்பல். சித்தப்பாவோ, மாற்றுவதற்கு ஒன்றும் இல்லாத 4×32தான் வேண்டும் என்றார். படையில் கொடுத்ததை வைத்துச் சுட்டுப் பழகியவருக்கு, சுடும் நேரத்தில் எத்தனை மடங்கு என்று யோசிப்பதே ஓர் இடையூறு. ரைபிள் அவருடையது, தாழ்ந்த அலுமினிய வளையங்களோடு ரிம்ஃபயர் 4×32ஐயே வாங்கினோம். கடப்பாரை என்று பெயர் வாங்கிய பழையதைவிட இது ஏறக்குறைய 450 கிராம் குறைவு.

முதல் ஞாயிற்றுக்கிழமை, 25 மீட்டரில் ஐந்து தோட்டா சுட்டதில் குண்டுகள் நடுவுக்கு வலப்புறம் நான்கு சென்டிமீட்டர் தள்ளி விழுந்தன. 25 மீட்டரில் ஒரு சொடுக்கு 1.8 மி.மீ.; ஆகவே இடப்பக்கம் இருபத்திரண்டு சொடுக்கு. எண்ணித் திருப்பி, பிறகு இலக்கை 50 மீட்டருக்குக் கொண்டுபோய் இன்னும் மூன்று சொடுக்கு மேலே ஏற்றினோம். ஐம்பது தோட்டா உள்ள பெட்டியில் அன்றைக்கு இருபத்தொன்பது செலவாயிற்று. கடைசி ஐந்தும் ஒரு ரூபாய் நாணயத்தால் மூடிவிடும் அளவுக்கு நெருங்கி விழவில்லை, உள்ளங்கைக்குள் அடங்கின. சித்தப்பா இலக்குக் காகிதத்தை நான்காய் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஸ்கோப்பைக் கழற்றி, சித்தியின் முறுக்கு டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு போட்டு மூடினார். டப்பாவை எப்போது திருப்பித் தருவார் என்று சித்தி இன்னும் என்னிடம்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்.